களிமண் ஊரில் உறிஞ்சுகுழி: தண்ணீர் எங்கே போகும்?

18 ஜூன், கேள்வி

அண்ணே, எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், கோட்டூர் பக்கம். சுமார் 120 வீடு. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு தெருவில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது, செப்டிக் டேங்கிலிருந்து வழிவது எல்லாம் தெற்கே வாய்க்காலில்தான் விழுகிறது. ஊராட்சியில் தெருவுக்கு நாலு உறிஞ்சுகுழி போட்டால் தீர்ந்தது என்கிறார்கள். மோட்டார், மிஷின் வைத்து மொத்தமாகச் சுத்தம் செய்து வயலுக்கு விடலாம் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

18 ஜூன், இரவு

ரெண்டு பேர் சொல்வதும் வேண்டாம். முதலில் தண்ணீரை அளப்போம்.

ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 480 பேர், 26,400 லிட்டர். அதில் பத்துக்கு ஏழு பங்கு கழிவாகத் திரும்பும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆக 18,000 லிட்டருக்குச் சற்று மேலே. உங்கள் பக்கத்துக் களிமண் ஈரம் ஏறிய பிறகு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 10 லிட்டர் குடித்தாலே பெரிய விஷயம். நாலடி அகலம், நாலடி ஆழத்தில் வட்டமாகக் குழி எடுத்தால் சுற்றுச்சுவர் நாலரைச் சதுர மீட்டர் தேறும். அடிப்பக்கத்தை நான் சேர்க்கவே இல்லை, அது சீக்கிரமே சேறு கட்டி அடைத்துக்கொள்ளும். அப்படியானால் ஒரு குழி குடிப்பது 45 லிட்டர். ஒரு ஆள் நிதானமாகக் குளித்தால் தீர்ந்தது. 400 குழி வேண்டும் தம்பி, ஊரில் அத்தனை வீடே இல்லை.

மிஷின் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதற்குத் தனியாகக் கோபம் இருக்கிறது.

20 ஜூன்

மணப்பாறைக்காரர் ஒருவர் தங்கள் ஊரில் உறிஞ்சுகுழி அருமையாக வேலை செய்கிறது, சும்மா பயமுறுத்தாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். செய்யும் சார். உங்களுடையது செம்மண்ணும் சரளையும், நிலத்தடி நீர் எங்கோ பாதாளத்தில். திருவையாறு பக்கம் படுகை மண்ணிலும் தண்ணீர் இறங்கும், ஊற்றியதும் காணாமல் போகும், அங்கே கவலை வேறு: பத்தடி தள்ளி இருக்கும் அடிபம்பில் அதே தண்ணீர் ஏறி வரும். டெல்டா முழுக்க ஒரே மண் என்று நினைப்பவர்கள் ஆற்றங்கரையிலிருந்து நாலு வயல் தள்ளி மண்வெட்டி போட்டுப் பார்க்கட்டும்.

கடைமடைக் களிமண்ணில் இன்னொரு ஏமாற்று உண்டு. சோதனைக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும், அதுதான் முறை. அதை நம்மவர்கள் செய்வது சித்திரை, வைகாசியில். அப்போது நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கை நுழையும் அளவுக்குப் பிளவு. ஊற்றிய தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஓவர்சியர் சந்தோஷமாக எழுதிக்கொள்வார். ஐப்பசியில் அதே மண் ஊதி எல்லாப் பிளவும் மூடிக்கொள்ளும், போதாததற்கு நிலத்தடி நீர் முழங்கால் ஆழத்துக்கு வந்து நிற்கும். குழி உறிஞ்சுவதை விட்டுவிட்டு ஊற ஆரம்பிக்கும். சோதனையை ஐப்பசியில் செய்யுங்கள், இல்லையென்றால் செய்யவே வேண்டாம்.

21 ஜூன்

நூறு நாள் வேலையில் வெட்டிய குழியெல்லாம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் என்று சொல்ல மனசு வரவில்லை. எங்கள் தெருவில் உள்ளதில் தவளைகள் குடும்பமாக இருக்கின்றன. வீட்டு வரிதான் இன்னும் போடவில்லை.

29 ஜூன்

குறுவை நடவு வேலையில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. வயலில் நிற்கும்போது ஓடிய யோசனை இது, கொஞ்சம் நீளம்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் கழிவுநீர்ப் பிரச்சினை இல்லை என்று பெரியவர்கள் சொன்னால் பெருமையடிக்கிறார்கள் என்று நினைப்போம், கணக்குப் போட்டால் அது உண்மைதான். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய் நறுக்கிய தோல் எல்லாம் கழுநீர்த் தொட்டிக்குப் போயின, மாடு குடித்தது. பாத்திரத்துக்குச் சாம்பலும் புளியும். குளியல் பெரும்பாலும் குளத்தில், ஆற்றில். கொல்லையில் ஊற்றிய கொஞ்சத்தை வாழையும் சேம்பும் பார்த்துக்கொண்டன. கழிப்பறை கிடையாது, அதற்குக் கருவேலங்காடும் வாய்க்கால் கரையும் இருந்தன. அதை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன், ராத்திரி வரை அடக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கேட்டால் தெரியும் எப்படிப்பட்ட காலம் என்று. வயிற்றில் பூச்சி இல்லாத பிள்ளையே அப்போது கிடையாது.

இப்போது மாடு போய்விட்டது. கஞ்சித் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை நாற்றத்தில் பெரும்பங்கு சோறும் எண்ணெயும் புளித்த நாற்றம், சோப்பு மேல் பழி போட்டுப் பயனில்லை. சோப்பு செய்யும் கெடுதல் வேறு. சலவைத் தூளில் சோடியம் அதிகம், அது களிமண்ணைக் கரைத்துக் குழைத்து இருக்கிற துளையையும் அடைத்துவிடும். இருக்கிற கொஞ்ச நஞ்ச உறிஞ்சலும் அதனால் போகும். அதனால் முதல் வேலை அடுப்படிக்கு வெளியே: பாத்திரம் கழுவும் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டி, நடுவில் ஒரு தடுப்பு, எண்ணெயும் பருக்கையும் இந்தப் பக்கமே நிற்கும், வாரம் ஒரு தடவை அள்ளித் தென்னை மட்டையோடு எருக்குழியில் போட வேண்டியது. செலவு ரொம்பக் கம்மி. இதைச் செய்யாமல் அதற்கு மேல் என்ன கட்டினாலும் அடைக்கும்.

6 ஜூலை

கேள்வி கேட்ட தம்பி செப்டிக் டேங்க் என்று எழுதியதை இன்றைக்குத்தான் கவனமாகப் படித்தேன். டேங்கா, உறையா? எனக்குத் தெரிந்து நம் பக்கம் பத்து வீட்டில் எட்டில் இருப்பது சிமெண்ட் உறை. அஞ்சாறு உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் ஒன்றும் போடாமல், மேலே பலகை மூடி. வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் என்பார், கொத்தனாரும் அப்படித்தான் சொல்லிக் காசு வாங்கியிருப்பார். அடியில் தளம் இல்லாதது கிணறு. கிணற்றுக்குள் மலத்தை விடுகிறோம், அவ்வளவுதான் விஷயம்.

உண்மையான டேங்க் என்றால் அடியில் தளம், உள்ளே இரண்டு அறை, முதல் அறை இரண்டாவதைப் போல இரண்டு மடங்கு. உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் ‘டீ’ (T வடிவ இணைப்புக் குழாய்) வைத்து, மேலே மிதக்கும் ஏடும் கீழே படியும் கசடும் வெளியே போகாமல் நடுத்தண்ணீர் மட்டும் போகும்படி இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் வெளியே வருவது சுத்தமான தண்ணீர் கிடையாது. அழுக்கில் பாதி வரை கழிந்திருக்கும், கிருமியில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அந்த வழிநீர்தான் உங்கள் தெற்கு வாய்க்காலில் விழுகிறது.

அரசு தரும் இரட்டைக் குழி முறையைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். நல்ல முறை. ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததுக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை ஒன்றரை வருஷம் போல ஆறவிட்டால் உள்ளே இருப்பது மண்ணாகிவிடும், கையில் எடுத்தால் நாற்றம் இராது. ஆனால் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் 2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று அந்த வழிகாட்டிகளிலேயே இருக்கிறது. கார்த்திகையில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் 2 மீட்டர் இடைவெளிக்கு எங்கே போவது? மாடியில்தான் குழி தோண்ட வேண்டும்.

இதில் ஒன்று செய்து பார்க்கலாம். ஊராட்சியில் பெண்களுக்குக் குடிநீர்ப் பரிசோதனைப் பெட்டி கொடுத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு சின்னக் குப்பி உண்டு, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரை ஊற்றி ஜன்னலோரம் வைத்தோம். மறுநாள் காலையில் அடியில் மட்டும் ஒரு கறுப்பு வளையம், சாயங்காலத்துக்குள் முழுக் குப்பியும் மை. அதுவரை ‘எங்கள் தாத்தா காலத்துத் தண்ணி’ என்று பேசிக்கொண்டிருந்தவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இப்போது அவர் வீட்டில் கொள்ளிடக் கூட்டுக் குடிநீர்தான் குடிக்கிறார்கள், அடிபம்பு துவைக்க மட்டும்.

7 ஜூலை

கறுத்த தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா? குப்பியில் இருப்பதையா? வேண்டாம். பம்புத் தண்ணீர் என்றால் நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் நைட்ரேட்டும் போகாது.

2 ஆகஸ்ட்

அப்போ என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று மூன்று பேர் மூன்று விதமாகத் திட்டியாகிவிட்டது. சொல்கிறேன்.

ஜல்லிப் படுகை. தண்ணீர் ஒழுகாத ஒரு தொட்டி, ரெண்டடி ஆழம், உள்ளே முழுக்க ஜல்லி, அதன்மேல் கல்வாழையோ சம்புக் கோரையோ நடுவது. ஒரு பக்கம் தண்ணீர் நுழைந்து ஜல்லிக்குள்ளேயே மெல்ல நகர்ந்து மறுபக்கம் வெளியே வரும். தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு ரெண்டு விரற்கடை கீழேயே நிற்கும்படி வெளிவாய்க் குழாயை வைக்க வேண்டும். மேலே தண்ணீர் தெரியக் கூடாது, தெரிந்தால் கொசு. ஜல்லியில் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும், அதில் இருக்கும் நுண்ணுயிர்தான் அழுக்கைத் தின்கிறது, செடி அதற்குத் துணை. கரண்ட் வேண்டாம். மருந்து வேண்டாம். புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனால் அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் கழிவுநீரே இப்படிச் செடிப் படுகை வழியாகப் போய்த் தோட்டத்துக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். கண் காட்டப் போகிறவர்கள் கொல்லைப்பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இடம்? குளியல், துவையல், அடுப்படித் தண்ணீர் மட்டும் என்றால் ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் தாராளம். 480 சதுர மீட்டர், நம் கணக்கில் 36 குழி. (இது உறிஞ்சுகுழி அல்ல, நிலம் அளக்கும் குழி, 100 குழி ஒரு மா.) செப்டிக் வழிநீரும் கலந்தால் இரட்டிப்பாகும், 72 குழி. முக்கால் மா நிலம் யார் கொடுப்பார்கள்? அதனால்தான் கழிப்பறைத் தண்ணீரைத் தனியாகப் பிரித்து வை என்கிறேன்.

கருங்கல் ஜல்லி திருச்சி, புதுக்கோட்டையிலிருந்து லாரியில் வர வேண்டும், அங்கே எந்த விலையோ இங்கே லாரி வாடகை சேர்த்து வேறு விலை. நன்றாக வெந்த செங்கல் துண்டும் ஆகும், காளவாயில் உடைந்தது கிடைத்தால் விடாதீர்கள். வேகாத கல் ஆறு மாதத்தில் கரைந்து சேறாகும்.

3 ஆகஸ்ட்

கும்பகோணத்துக்காரர் கொசு பற்றி மறுபடியும் கேட்கிறார். கேட்க அவருக்கு உரிமை உண்டு, அந்த ஊருக்கும் யானைக்காலுக்கும் இருந்த பழைய சம்பந்தத்தை நாடே அறியும். யானைக்காலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு முட்டையிடுவது அழுக்குத் தண்ணீரில்: சாக்கடை, மூடி உடைந்த செப்டிக் டேங்க், வலை கட்டாத காற்றுக் குழாய். ஜல்லிக்குள் இருக்கும் தண்ணீரை அதனால் எட்ட முடியாது. அந்தக் காற்றுக் குழாய் வாயில் ஒரு துண்டு நைலான் வலையை இன்றைக்கே கட்டுங்கள், இதற்கு எந்தத் திட்டமும் நிதியும் வேண்டாம்.

16 ஆகஸ்ட்

நேற்று கிராம சபையில் நடந்ததைத் தம்பி எழுதியதைப் படித்தேன். படுகைக்கு இடம் பார்த்தாகிவிட்டது, காலனி முடியும் இடத்தில் புறம்போக்கு. ‘அதுதான் பள்ளமான இடம், தண்ணீர் தானாக ஓடும்’ என்று காரணம் சொன்னார்களாம்.

பள்ளம் என்பது உண்மை. அந்தப் பள்ளத்தில் அவர்களைக் குடியிருக்க வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லையா? நான் வேலை பார்த்த ஊர்களில் பெரும்பாலும் இப்படித்தான், சாக்கடை மேலத்தெருவில் ஆரம்பிக்கும், காலனியில் முடியும், வரைபடத்தில் அதற்குப் பெயர் இயற்கைச் சரிவு. படுகை நன்றாக நடந்தால் பூச்செடித் தோட்டம்தான், நாற்றம் இருக்காது. ஆனால் பராமரிக்காமல் விட்டால் நாறப்போவது யார் வீட்டு வாசல் என்பதையும் சேர்த்துத்தான் இடம் பார்க்க வேண்டும். ஊர்ப்பணம் நின்றுபோகும் வருஷத்தில் மேலத்தெருக்காரர் மூக்கில் அது ஏறாது.

என் யோசனை இப்போது கொஞ்சம் மாறுகிறது. ஒரே படுகை 36 குழிக்குப் பதில் தெருவுக்கு ஒன்று, 9 குழி வீதம் நாலு. அவரவர் தண்ணீர் அவரவர் தெருவிலேயே. செலவு சற்றுக் கூடும். சண்டை அடுத்த சபையில் நிச்சயம் கூடும், எனக்குப் பரவாயில்லை, நான் வேறு ஊர்.

9 செப்டம்பர்

மிஷின் கோபம் பாக்கி இருந்தது.

காற்று ஊதும் பம்பு வைத்த சுத்திகரிப்பு நிலையம் கெட்ட பொருள் இல்லை. நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேறு வழி கிடையாது. ஆனால் அது ராத்திரி பகல் ஓட வேண்டும். காற்று நின்ற சில மணி நேரத்தில் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் மூச்சு முட்ட ஆரம்பிக்கும், ரெண்டு நாளில் மொத்தத் தொட்டியும் அழுகும், மறுபடி வளர்த்தெடுக்க வாரங்கள் ஆகும். 2018 நவம்பர் 16 மறந்துவிட்டதா? கஜா கரையேறிய பிறகு உங்கள் பக்கம் எத்தனை வாரம் கரண்ட் இல்லாமல் கிடந்தது? ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய ஊர்களில் சாக்கடைக்கு யார் டீசல் ஊற்றியிருப்பார்கள்? புயலை விடுங்கள். பம்பு எரிந்தால் காயில் கட்டக் கொடுத்த இடத்திலிருந்து வாங்கி வர ஆள் வேண்டும், மின்கட்டணம் கட்டத் தலைவர் கையெழுத்து வேண்டும்.

ஆனால் ஜல்லிப் படுகைக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்கு (ஊர் வேண்டாம்) நாங்கள் போட்ட படுகை ரெண்டு முகூர்த்த சீசன் தாங்கியது. எண்ணெய்த் தொட்டி கட்டிக் கொடுத்திருந்தோம், யாரும் அள்ளவில்லை. திறந்து பார்த்தபோது முதல் ரெண்டு மீட்டர் ஜல்லி முழுக்க வெள்ளையாகக் கொழுப்பு இறுகி, கடப்பாரையால் குத்தினால் கல் தனித்தனியாக வராமல் பாளமாகப் பெயர்ந்தது. நடுவில் பாயசத்து ஜவ்வரிசி, ஒரு கரண்டி, எண்ணிக்கையில்லாத கறிவேப்பிலை. அள்ளி வெளியே போட்டுக் கழுவித் திரும்ப நிரப்பினோம். அதற்கு ஆன கூலியில் வாரத்துக்கு ஒரு ஆள் வைத்து வருஷக்கணக்கில் தொட்டியை அள்ளியிருக்கலாம்.

3 அக்டோபர்

தலைப்பை விட்டு விலகுகிறது, இருந்தாலும் ஒரு அக்கா கேட்டதால். தண்ணீர் தேங்கும் ஊருக்கு முசிறி மாதிரி உலர் கழிப்பறை போடலாமே என்கிறார். போடலாம் அக்கா, உண்மையில் நம் மண்ணுக்குப் பொருத்தமான வடிவம் அதுதான். அறை தரைக்கு மேலே இருக்கும், மலம் ஒரு பக்கம், சிறுநீர் ஒரு பக்கம், கழுவிய தண்ணீர் தனியாக ஒரு பக்கம். மேலே சாம்பல் தூவினால் போதும், நிலத்தடி நீர் எவ்வளவு ஏறினாலும் உள்ளே போகாது. ஸ்கோப் தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன் அதை அந்தப் பக்கம் பரப்பினார், முசிறியில் உபயோகித்தவர்களுக்குக் காசு கொடுத்த பொதுக் கழிப்பறையே இருந்தது. அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ, கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ. கழிப்பறைக்காக அடுத்தடுத்த வருஷம் ரெண்டு பத்மஸ்ரீ வாங்கிய பெருமை திருச்சி மாவட்டத்துக்குத்தான். தஞ்சாவூர்க்காரர்கள் வீணையும் தவிலுமாக வாங்கிக்கொண்டிருந்தோம்.

சிக்கல் என்னவென்றால் சாம்பல். விறகடுப்பு போன வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது. சுண்ணாம்போ மரத்தூளோ வாங்கி வைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் விருந்தாளி எந்தத் துளையில் எது என்று தெரியாமல் விழிப்பதும் நடக்கும். வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் மட்டும் கட்டுங்கள்.

14 நவம்பர்

மழை. மூன்றாவது நாளாக விடவில்லை, வடிகால் முழுக்க வெங்காயத்தாமரை அடைத்துத் தண்ணீர் பின்வாங்கி நிற்கிறது. இந்த மழையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, குடையை எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் மதகைப் பாருங்கள். தண்ணீர் இப்போது நிற்கும் மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வையுங்கள். பழைய சேற்றுக் கறை ஒன்று அதற்கும் மேலே தெரிந்தால் அதுதான் உங்கள் வெள்ள மட்டம். நீங்கள் கட்டும் எதுவும் வெளியே விடும் வாய் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் வடிகால் உங்கள் படுகைக்குள் வரும், அங்கிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து குளியலறைத் துளை வழியாக வீட்டுக்கு.

இதை எழுதும்போதே ஆகஸ்டில் சொன்னதைத் திரும்ப யோசிக்கிறேன். தெருவுக்கு ஒரு படுகை என்றேன். தெருவில் சாக்கடை ஓட 100 மீட்டருக்கு அரை மீட்டராவது சரிவு வேண்டும். 300 மீட்டர் தெரு என்றால் முடியும் இடத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருக்கும். நம் தரை பலகை போலச் சமதளம். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் வந்த தண்ணீரை வெள்ளக்கோட்டுக்கு மேலே விட மோட்டார் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், மோட்டார் வேண்டாம் என்று நானே ஒரு பக்கம் திட்டி வைத்திருக்கிறேன்.

நம்மிடம் இருக்கும் ஒரே உயரம் வீட்டு மனை. வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் மூணடி, நாலடி தூக்கித்தான் கட்டியிருக்கிறோம். குளியலறைத் தரை தெருவை விட ரெண்டடியாவது மேலே. அந்த உயரத்தைச் சாக்கடையில் கொண்டுபோய்க் கொட்டி வீணாக்கிவிட்டு, அப்புறம் பள்ளத்தில் நின்று என்ன செய்வது என்று கேட்கிறோம். கொல்லையிலேயே, தரைக்கு மேலே, செங்கல் சுவர் எழுப்பி ஒரு படுகை. நாலு சதுர மீட்டர், நாலு பேர் வீட்டுக்குப் போதும், ஒரு கட்டில் போடும் இடம்தான், கொஞ்சம் அகலக் கட்டில். குளியலறையிலிருந்து தானாக ஓடி உள்ளே விழும். வெளியே வருவது வாழைப்பாத்திக்கு. மழைக்காலத்தில் மிஞ்சினால் தெருச் சாக்கடைக்குப் போகட்டும், அது படுகையில் வடிந்த தண்ணீர்தானே. கொல்லை இல்லாத வீடுகளுக்கு நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று. சரிவுக் கணக்கும் காலனிச் சண்டையும் ஒரே அடியில் போய்விடும்.

15 நவம்பர்

அவசரம்: மழைக்காலத்தில் செப்டிக் லாரியைக் கூப்பிட்டு டேங்க்கைக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் தண்ணீர் ஏறி நிற்கும்போது காலி டேங்க் மிதக்கப் பார்க்கும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் தரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்து நிற்கும், சிமெண்ட் டேங்க் தூக்கி விரிசல் விடும். தை வரை பொறுங்கள். நிறைந்து வழிகிறது என்றால் கொஞ்சம் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள், ‘ஒரு நிமிஷம்தான்’ என்றாலும். உள்ளே இருக்கும் வாயு ரெண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும், தூக்கப் போனவரையும் சேர்த்து. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது குற்றம், சாவு நடந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

2 டிசம்பர்

லாரி எடுத்துப் போவது எங்கே போகிறது என்று கடைசியாக ஒருவர் கேட்டுவிட்டார். இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்ட வேண்டும், 2014லேயே அரசு இதற்கு வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் 2017இல் கசடுக்கென்றே தனி நிலையம் வந்தது. நம் பக்கத்துக் கிராமத்தில் எடுத்தால் நகராட்சி வரை டீசல் செலவு, அங்கே கட்டணம், வரிசை. ராத்திரி பதினொரு மணிக்கு வடிகால் பாலத்தில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு லாரி நின்றால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாரிக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, கூப்பிடும்போது எங்கே கொட்டுவாய் என்று நாமும் கேட்பதில்லை, இருநூறு ரூபாய் குறைக்க முடியுமா என்றுதான் கேட்கிறோம்.

வயலுக்கே கொட்டச் சொன்னால் என்ன, உரம்தானே என்கிறார் ஒருவர். பச்சையாகக் கொட்டாதீர்கள். வயிற்றுப் பூச்சியின் முட்டை கசடில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். சேற்றில் இறங்கி நடவு நடுபவர்களின் காலில் சேற்றுப்புண் ஏற்கெனவே இருக்கும், அதில் இதுவும் சேரும். நெல்லுக்கும் நல்லதில்லை: தழைச்சத்து அளவுக்கு மீறினால் பயிர் கருகருவென்று வளர்ந்து, கதிர் பிந்தி, பூச்சி ஏறி, காற்றடித்தால் சாய்ந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நெட்டை ரகம் போட்டவர் நினைத்தே பார்க்க வேண்டாம். படுகையில் வடிந்து வரும் தண்ணீர் வேறு விஷயம். ஆற்றில் விட பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், அழுக்கின் அளவுகோல்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், பாசனத்துக்கு நிலத்தில் விட 100 வரை விதியே அனுமதிக்கிறது. குளியல், துவையல் தண்ணீரைப் படுகையில் விட்டால் அதற்குள் சுலபமாக வரும். வாழை, தென்னை, மாட்டுத் தீவனப் புல்லுக்கு விடுங்கள், கீரைக்கு வேண்டாம்.

3 டிசம்பர்

தம்பி, நாலு வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நாலு போதும், 120ஐயும் ஒரே வருஷத்தில் செய்யப் போனால் ஒன்றுகூட ஒழுங்காக வராது. உறிஞ்சுகுழிப் பணத்தை இதற்குத் திருப்ப முடியுமா என்று ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கேள், வாயில் கேட்டால் வாயிலேயே முடிந்துவிடும். சம்பா அறுவடை முடிந்து தரை இறுகியதும் லெவல் எடுக்க நான் வருகிறேன். லெவல் டியூப் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) என்னிடம் இருக்கிறது. மதகில் கீறிய கோடு தண்ணீர் வடிந்த பிறகும் தெரிகிறதா என்று பார்த்து, அதன்மேல் ஒரு கை பெயின்ட் அடித்து வை. நாலு வீட்டுக் குளியலறைத் துளையின் உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப் போகிறோம்.